பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக: வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சைக்கிள் ஓட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. தயக்கமெல்லாம் பெரியவர்களிடமும் சாலையிலும்தான் இருக்கிறது. சாலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம், அப்படி விட வருகிற வண்டிகளால்தான் பள்ளி வாசலில் நெரிசல் கூடுகிறது, அந்த நெரிசலைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் "நாமும் வண்டியிலேயே விட்டுவிடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். இந்தச் சுற்றை எங்கே, எப்படி அறுப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

பயப்படுவதில் தப்பே இல்லை. உலகம் முழுக்க 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் "பயப்படாதீர்கள், ஓட்ட விடுங்கள்" என்று நான் எழுதப்போவதில்லை. எதற்கெல்லாம் பயப்படுகிறோம் என்று பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு படி நன்றாகப் பழகிய பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

படி 1: சைக்கிளுக்கு முன்னால் வழியைத் தேடுங்கள்

பல வீடுகளில் முதலில் சைக்கிளை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் அது எங்கே ஓடும் என்று யோசிக்கிறார்கள், கடைசியில் அது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. இதை மாற்றிச் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளி வரைக்கும் நடந்து போங்கள். போனில் உள்ள வரைபடம் பெரும்பாலும் பெரிய சாலை வழியாகத்தான் கூட்டிப்போகும், அது வண்டி ஓட்டுபவர்களுக்கான வழி. உங்களுக்கு வேண்டியது சந்துகள், குடியிருப்புத் தெருக்கள், பூங்காவை ஒட்டிய பாதைகள். அரை கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை, சைக்கிளில் அது மூன்று நிமிடம்தான்.

போகும்போது எங்கே வண்டிகள் வேகமாக வருகின்றன, எங்கே பெரிய சாலையைக் கடக்க வேண்டும், எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எங்கே நாய்கள் துரத்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிகிற சாலை, நிறுத்தி வைத்திருக்கும் ஒரு காரால் அவர்களுக்குச் சுத்தமாக மறைந்துபோயிருக்கும். அதேபோல அந்த ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய இடங்களை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிறகு அதே வழியை ஒரு பள்ளி நாளில், பள்ளி தொடங்கும் நேரத்தில், இன்னொரு முறை நடந்து பாருங்கள். விடுமுறை நாளில் பார்த்த தெருவா இது என்று தோன்றும்.

தூரக் கணக்கு சுலபம். சின்னப் பிள்ளைகள் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டால் 2 கிலோமீட்டருக்கு 12 நிமிடம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடையே போதும். மூன்று கிலோமீட்டர் வரை சைக்கிளுக்கு ஏற்ற தூரம். அதற்கு மேல் என்றால் பிள்ளையின் வயதையும் வழியையும் பார்த்துப் பஸ், ரயில், அல்லது இரண்டையும் கலந்து யோசிக்கலாம்.

படி 2: சரியான அளவு சைக்கிள்

"வளர்கிற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்பது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரிவராது. பெரியவர்களின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தே பழகியவர்கள் நம்மில் பலர் உண்டுதான், ஆனால் அன்றைய சாலையில் இவ்வளவு வண்டிகள் இல்லை. கால் எட்டாத சைக்கிளில் பிள்ளையால் சட்டென்று நிற்க முடியாது. சாலையில் எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சீட்டுக்கு முன்னால் சட்டத்தின் மேல் கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கடை இடைவெளியாவது வேண்டும். பழகும் பிள்ளைக்குச் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படியும்படி சீட்டை இறக்கிவையுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகு, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். சீட் தாழ்வாகவே இருந்தால் முழங்கால் வலிக்கும், மேடு ஏற முடியாது, பிள்ளைக்கு ஓட்டவே பிடிக்காமல் போய்விடும்.

பிரேக் பிடியைச் சின்ன விரல்களால் எட்டிப் பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான பிடிகளில் அதை உள்பக்கம் கொண்டுவர ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. பழைய சைக்கிளே போதும். பிள்ளைகள் ஒரு சைக்கிளை இரண்டு மூன்று வருடத்தில் தாண்டிவிடுகிறார்கள் என்பதால் தெரிந்தவர்களுக்குள் கைமாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பளபளப்பையும் கியர் எண்ணிக்கையையும் விட எடை குறைவாக இருப்பதற்கு முதலிடம் கொடுங்கள்.

படி 3: ஓட்டப் பழக்குவது

1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் உருவாக்கிய முதல் இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது. அதில் உட்கார்ந்து காலால் தரையை உந்தித்தான் போனார்கள். பெடல் வந்ததெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பிள்ளைக்கும் அதே வரிசையில் சொல்லிக்கொடுங்கள்: முதலில் சமநிலை, அப்புறம் பெடல்.

சின்னப் பக்கவாட்டுச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். அவை பெடல் மிதிக்கப் பழக்குமே தவிர சமநிலையைப் பழக்குவதில்லை, வளைவில் உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைத் தப்பாகக்கூடப் பழக்கிவிடும். பெடல்களையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இடது பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும். சீட்டை நன்றாகத் தாழ்த்தி, வண்டிகள் வராத சமதளத்தில் பிள்ளையை முதலில் நடக்க விடுங்கள், பிறகு காலால் உந்தி ஓடவிடுங்கள், பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்து போகச் சொல்லுங்கள். நீளமாக மிதந்து போகவும் லேசாகத் திரும்பவும் வந்துவிட்டால் பெடலை மாட்டுங்கள். இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மாலையில் ஓட்டிவிடுவார்கள்.

நீங்கள் பின்னால் ஓடுவதானால் சீட்டையோ ஹேண்டில்பாரையோ பிடிக்காதீர்கள். பிள்ளையின் தோளிலோ முதுகிலோ லேசாகக் கை வைத்தால் போதும். சைக்கிளை நீங்கள் பிடித்துக்கொண்டால் சாய்கிறோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது, தெரியாமல் எப்படிச் சரிசெய்யும்? எந்தப் பக்கம் விழப் போகிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும் என்பதை உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும், விளக்கத் தேவையில்லை. அப்புறம், பயிற்சி கால் மணி, அரை மணியில் முடியட்டும். பிள்ளை அழ ஆரம்பித்த பிறகும் "இன்னும் ஒரு தடவை" என்று விரட்டினால் அடுத்த வாரம் சைக்கிள் பக்கமே வராது.

படி 4: கிளம்பும் முன் ஒரு நிமிடம்

காற்று, பிரேக், செயின். இந்த மூன்றையும் பிள்ளையே பார்க்கப் பழக்குங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும் (எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்). பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் சக்கரம் உருளக்கூடாது. செயின் தொய்ந்திருக்கவோ துருப்பிடித்திருக்கவோ கூடாது. எட்டு வயதுப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும், செய்கிற பிள்ளைக்குச் சைக்கிள் மேல் ஒரு பொறுப்பும் வந்துவிடும்.

ஹெல்மெட்டைப் பின்னந்தலைக்குத் தள்ளி மாட்டிக்கொள்வதை எங்கும் பார்க்கலாம். அப்படி மாட்டினால் முன்பக்கமாக விழும்போது நெற்றிக்குப் பாதுகாப்பே இல்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில், மட்டமாக உட்கார வேண்டும். இரண்டு பக்கப் பட்டைகளும் காதைச் சுற்றி வி வடிவத்தில் சேர வேண்டும், தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

பை முதுகில் இருப்பதை விடப் பின்னால் கேரியரில் கட்டியிருப்பது நல்லது. ஹேண்டில்பாரில் மட்டும் தொங்கவிடவே கூடாது. தொங்கும் துணி, துப்பட்டா, ஷூ கயிறு எல்லாவற்றையும் சொருகிவிட்டு ஏறச் சொல்லுங்கள். செயின் மூடி இருக்கும் சைக்கிளாகப் பார்ப்பது இதற்காகத்தான். மாலை மங்கிய பிறகு ஓட்டுவதாக இருந்தால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் கட்டாயம்.

படி 5: சாலையில் ஓட்டும் திறன்

நேரே போகத் தெரிந்துவிட்டது என்பதற்கும் சாலையில் போகலாம் என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அவசரப்பட்டுத் தாண்டக்கூடாத படி இது, நிதானமாகச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலியான இடத்தில் விளையாட்டாக நாலு பயிற்சிகள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வேகமாக வந்து சரியாகக் கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் தலைகுப்புறக் கவிழும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் இழுத்துக்கொண்டே போகும், அதனால் இரண்டையும் சேர்த்து, சீராக அழுத்தும் பழக்கம் கைக்கு வர வேண்டும். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு, சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், அதனால் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பயிற்சி, திரும்பிப் பார்ப்பது. பிள்ளை நேரே ஓட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். அது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், சைக்கிள் வளையக்கூடாது. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும், சாலையில் உயிரைக் காக்கும் திறனும் இதுதான். மூன்றாவது, ஒரு கையை நீட்டிச் சைகை காட்டியபடி தடுமாறாமல் போவது. நான்காவது, நடந்து போகிறவரின் வேகத்துக்கு மெதுவாக ஓட்டுவது. மெதுவாக ஓட்டத் தெரியாத பிள்ளை கூட்டத்தில் திணறும்.

அப்புறம் விதிகள். நிறைய சொல்லாதீர்கள், சிலவற்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வண்டிகள் எந்தத் திசையில் போகின்றனவோ அதே திசையில், அதே பக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். எதிரில் வந்தால் எல்லா வண்டியும் கண்ணுக்குத் தெரியுமே என்று நினைப்பார்கள், ஆனால் முனைகளில் திரும்பும் ஓட்டுநர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. சந்திலிருந்தோ வீட்டு வாசலிலிருந்தோ சாலைக்கு வரும்போது எப்போதும் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டக்கூடாது, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே போக வேண்டும், எந்த நேரமும் கதவு திறக்கலாம்.

பஸ், லாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நின்றிருக்கும் அல்லது மெதுவாகத் திரும்பும் பெரிய வண்டியின் உள்பக்கமாக, அதாவது சாலையோரத்துக்கும் அந்த வண்டிக்கும் இடையே, ஒருபோதும் நுழையக்கூடாது. பெரிய வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். முடிந்தால் ஒரு பஸ் நிறுத்துமிடத்தில் ஓட்டுநரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளையை அவர் இருக்கையில் உட்காரவைத்து, நீங்கள் வெளியே சைக்கிளோடு நின்று "நான் தெரிகிறேனா?" என்று கேளுங்கள். ஆயிரம் தடவை சொல்வதை விட அந்த ஒரு தடவை மனதில் நிற்கும்.

எத்தனை வயதில் சாலைக்கு விடலாம்? பிரிட்டனில் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் பார்த்ததில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளால் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. அது கவனக்குறைவால் வருவதில்லை, அந்த வயதில் பார்வைத் திறன் அவ்வளவுதான். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் ஒன்பது பத்து வயது வரை வேகமான சாலையில் பெரியவர் துணை வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். ஜெர்மனியில் நான்காம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தேர்வு வைக்கிறார்கள், நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் 11, 12 வயதில். சைக்கிளுக்குப் பெயர் போன நாடுகளே அவ்வளவு பொறுமையாக இருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

துணைக்குப் போகும்போது பிள்ளையின் பின்னால், கொஞ்சம் சாலையின் நடுப்பக்கமாகத் தள்ளி ஓட்டுங்கள். பிள்ளை உங்கள் கண் முன்னால் இருக்கும், பின்னால் வரும் வண்டியும் உங்களைச் சுற்றித்தான் போகும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

படி 6: வீட்டில் பெரியவர்கள் ஓட்ட வேண்டும்

அப்பா பக்கத்துத் தெருவுக்கே வண்டியை எடுக்கிறார், பிள்ளை மட்டும் சைக்கிளில் போக வேண்டும் என்றால் அது நடக்காது. ஒரு வாரம் வீட்டு வண்டிகள் எங்கெங்கே போய்வருகின்றன என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பயணங்களைச் சுழியுங்கள். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சுமை குறைவானதாக, நேர நெருக்கடி இல்லாததாக: நூலகம், பாட்டு வகுப்பு, தாத்தா வீடு, எதுவாகவும் இருக்கலாம். அந்த ஒன்றை இனிமேல் சைக்கிளிலோ நடந்தோதான் போவது என்று குடும்பமாக முடிவெடுங்கள். ஒன்று பழகிய பிறகு அடுத்தது. "இந்த மாதத்திலிருந்து காரே எடுக்கமாட்டோம்" என்று சபதம் எடுக்கும் வீடுகள் முதல் மழையிலேயே விட்டுவிடும்.

சின்னப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைப்பதானால் வெறும் கேரியரில் வேண்டாம். கால் ஆரத்துக்குள் போய்விடும், அந்தக் காயம் மிகவும் கொடியது. கால் மறைப்பும் இடுப்புப் பட்டையும் உள்ள குழந்தை இருக்கை வாங்குங்கள். தலை நன்றாக நின்று, தானாக உட்காரத் தெரிந்து, ஹெல்மெட் போடும் அளவு வளர்ந்த பிறகுதான் அதில் ஏற்றலாம், ஏறக்குறைய ஒரு வயதுக்குப் பிறகு. ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு ஒரு நொடிகூட அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். மேடுபள்ளம் அதிகம், அல்லது இரண்டு பிள்ளைகளைச் சுமக்க வேண்டும் என்றால் மின்சைக்கிள் பெரிய உதவி. மூட்டு வலியால் சைக்கிளை விட்டவர்கள்கூட அதனால் திரும்ப வந்திருக்கிறார்கள்.

பிள்ளையிடம் புவி வெப்பமாதல் பற்றிப் பேசலாம், ஆனால் குற்ற உணர்ச்சியை ஏற்றாதீர்கள். எரிபொருளால் உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு போக்குவரத்தினால் வருகிறது, அதைக் குறைக்க வேண்டியது பெரியவர்களின் வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு "வேகமாகப் போகலாம், நண்பர்களோடு போகலாம்" என்பதே போதுமான காரணம்.

படி 7: கூட்டமாகப் போவது

எனக்கு இந்த முழு விஷயத்திலும் அதிக நம்பிக்கை தருவது இதுதான். தனியாக ஒரு பிள்ளை சைக்கிளில் போனால் ஓட்டுநர்கள் கவனிப்பதில்லை, பதினைந்து பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போனால் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990-களில் 'நடைப் பேருந்து' என்ற யோசனையைப் பரப்பினார்: பேருந்து போலவே குறித்த வழி, குறித்த நிறுத்தங்கள், குறித்த நேரம், ஆனால் எல்லோரும் நடந்து போவார்கள். அதையே சைக்கிளில் செய்வது 'சைக்கிள் பேருந்து'. 2021-ல் பார்சிலோனாவில் சில குடும்பங்கள் வெள்ளிக்கிழமை காலைகளில் இப்படிப் போக ஆரம்பித்து, அது நகரின் பல பகுதிகளுக்குப் பரவியது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சாம் பால்டோ என்ற உடற்கல்வி ஆசிரியர் 2022-ல் தொடங்கியது ஒரு பள்ளியே திரண்டு வரும் ஊர்வலமாக வளர்ந்தது.

தொடங்க மூன்று குடும்பம் போதும். முதல் படியில் கண்டுபிடித்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு மூன்று நிறுத்தங்களைக் குறியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், எப்போதும் அதே நாள். தினமும் என்று ஆரம்பித்தால் பொறுப்பேற்கும் பெற்றோர் சீக்கிரமே களைத்துவிடுவார்கள். முன்னால் ஒரு பெரியவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவார், அவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் ஒருவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. நடுவில் மூன்று நான்கு சின்னப் பிள்ளைகளுக்கு ஒருவர். முனையைக் கடக்கும்போது ஒருவர் முன்கூட்டியே போய் நின்று, கூட்டம் முழுவதும் ஒன்றாகக் கடக்கும்படி பார்த்துக்கொள்வார். பாதிக் கூட்டம் அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் பிரிந்து நின்றால்தான் பிள்ளைகள் பதறி ஓடுவார்கள். வேகம் எப்போதும் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையின் வேகம்.

நிறுத்தத்தில் நேரத்துக்கு வராதவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள், அதை முதல் நாளே அன்பாகச் சொல்லிவிடுங்கள். கடைசி ஆளின் பையில் காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பொருள்கள், எல்லா வீட்டுத் தொலைபேசி எண்களும் இருக்கட்டும். பலத்த மழை பெய்தால் ரத்து என்று முந்தைய இரவே செய்தி அனுப்ப ஒருவர் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: பள்ளியில் என்ன செய்ய வேண்டும்

ஆசிரியர்களுக்கு: பேச்சுப் போட்டியும் ஓவியப் போட்டியும் இருக்கட்டும், அதற்கு முன் வகுப்பில் இரண்டே கேள்வி கேளுங்கள். இன்று எப்படி வந்தீர்கள்? எப்படி வர ஆசை? கை தூக்கச் சொல்லி எண்ணிப் பலகையில் எழுதுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டினால் பேச்சே மாறிவிடும். அப்புறம் ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எந்தத் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள், வீட்டு எண் வேண்டாம். சைக்கிள் பேருந்து எங்கே கிளம்ப வேண்டும் என்று அந்தப் புள்ளிகளே சொல்லும்.

சைக்கிள் நிறுத்த ஒழுங்கான இடம் வேண்டும். கூரை, வெளிச்சம், சட்டத்தைச் சேர்த்துப் பூட்டக்கூடிய கம்பி, இவை மூன்றும் இல்லாத இடத்தில் யாரும் நல்ல சைக்கிளை விடமாட்டார்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் தாங்கிகள் வேண்டாம், சக்கரம் கோணும், திருடுவதும் சுலபம். தரையில் ஊன்றிய தலைகீழ் ப வடிவக் கம்பியே போதும். நிறுத்தும் இடம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சைக்கிள் வரும் வழியும் கார் வரும் வழியும் வேறு வேறாக இருக்கட்டும். சீருடையில் சைக்கிள் ஓட்ட முடியாது என்றால் சீருடையை மாற்றுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு.

பெண்பிள்ளைகள் பற்றி இன்னும் கொஞ்சம். வளர்ந்ததும் அவர்களுடைய சைக்கிளைத்தான் வீட்டில் முதலில் நிறுத்துகிறார்கள். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு உதவத் தொடங்கியபின், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் அளவு 32 சதவீதம் கூடியதாக ஆய்வு காட்டியது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிளை நிறுத்தும்போது படிப்பும் நட்பும் சேர்ந்து சுருங்குகின்றன என்று பெற்றோரிடம் நேராகவே பேசுங்கள்.

பரிசு கொடுப்பதானால் அதிக நாள் சைக்கிளில் வந்த பிள்ளைக்கு என்று வைக்காதீர்கள். தூரத்திலிருந்து வரும் பிள்ளையும், உடல் ஊனமுள்ள பிள்ளையும், சைக்கிள் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் என்ன செய்வார்கள்? நடை, பஸ், ரயில், பாதித் தூரம் நடப்பது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேருங்கள். மூன்று சக்கர சைக்கிள், கையால் ஓட்டுவது, இருவர் சேர்ந்து ஓட்டுவது என்று வகைகள் இருக்கின்றன, தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி அதை ஏற்பாடு செய்து தர வேண்டும்.

ஆசிரியர்களை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு செய்தி. டென்மார்க்கில் 2012-ல் ஏறக்குறைய 20,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களின் கவனம் வகுப்பில் மேலாக இருந்தது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி ஒரு மணி நேரமாவது உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் போய்வருவதிலேயே அதில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது.

படி 9: வீடு தூரம் என்றால்

காரில்தான் வர முடியும் என்ற வீட்டுக்கும் ஒரு வழி உண்டு: பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு, மீதியை நடக்கட்டும். வாசல் நெரிசல் அன்றே குறையும். ஒரே பக்கத்திலிருந்து வரும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே வண்டியில் வரலாம். பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு, இறங்கிய பஸ்ஸின் முன்னாலோ பின்னாலோ ஓடிக் கடக்காமல் அது போன பிறகு கடக்க வேண்டும் என்பதைப் பழக்குங்கள், நிறுத்தம் தவறிவிட்டால் யாரிடம் கேட்பது என்பதையும். ரயில் நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில் என்பது வளர்ந்த பிள்ளைகளுக்கு மிக நல்ல சேர்க்கை.

படி 10: தனியாக விடுவது

ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் நீங்கள் பின்னால் போங்கள், ஆனால் முடிவெல்லாம் பிள்ளை எடுக்கட்டும்: எப்போது நிற்பது, எப்போது கடப்பது. அது ஏன் அப்படிச் செய்தது என்று பிறகு கேளுங்கள், நடுவில் கத்தாதீர்கள். அடுத்து ஐம்பது மீட்டர் பின்தங்குங்கள். அடுத்து கடைசி அரை கிலோமீட்டரைத் தனியாகப் போகட்டும். பிறகு ஒரு நண்பரோடு முழுத் தூரமும். பஞ்சரானால், யாராவது பின்தொடர்ந்தால், விழுந்து அடிபட்டால் எந்த வீட்டுக்குள் அல்லது எந்தக் கடைக்குள் போகலாம் என்று வழியில் இரண்டு மூன்று இடங்களை முன்பே பேசி வையுங்கள். ஓட்டும்போது காதில் எதுவும் மாட்டக்கூடாது, போன் பைக்குள் இருக்க வேண்டும். இதில் மட்டும் தளர வேண்டாம்.

படி 11: சாலையை மாற்றக் கேளுங்கள்

மேலே சொன்னதெல்லாம் பிள்ளையைச் சாலைக்கு ஏற்ப மாற்றுவது. சாலையைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றும் வேலை மீதமிருக்கிறது. நெதர்லாந்து எப்போதும் சைக்கிள் நாடாகவே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1971-ல் அங்கே சாலையில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் பிள்ளைகள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், 1973 எண்ணெய் நெருக்கடியின் கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு எப்படி இருக்கலாம் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் பாதைகள் வந்தன. கேட்டதால்தான் கிடைத்தது.

எதைக் கேட்பது? பள்ளியைச் சுற்றி மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது, பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அப்படியே. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பலகை மட்டும் வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், வேகத்தடையும் குறுகலான முனையும் உயர்த்திய கடவையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்தது, பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தில் மட்டும் வாசல் தெருவில் கார்களை நிறுத்துவது. இத்தாலியின் போல்சானோ நகரம் 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்கிறது, லண்டனிலும் பாரிஸிலும் இப்போது நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்கள் உண்டு. பெரிய சாலைகளில் கோடு மட்டும் போட்ட பாதை போதாது, தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை வேண்டும்.

கடிதம் எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. எந்த முனை, எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், என்ன வேண்டும், அவ்வளவுதான். முதல் படியில் குறித்த குறிப்புகளும் பள்ளி வரைபடமும் இங்கே கை கொடுக்கும். படங்களை இணையுங்கள், பிள்ளைகளின் முகம் தெரியாமல். பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் பெற்றோர் கையெழுத்துகளும் இருக்கட்டும், பிள்ளைகளே எழுதிய இரண்டு வரிகள் இருந்தால் இன்னும் நல்லது. பொறுப்பான அதிகாரியை ஒரு நாள் காலையில் சைக்கிள் பேருந்தோடு வந்து ஓட்டிப் பார்க்க அழையுங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து அதே கடிதத்தின் நகலோடு திரும்ப எழுதுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். நிரந்தரமாகச் செய்யத் தயங்கினால் ஒரு மாத வெள்ளோட்டமாகக் கேளுங்கள், தற்காலிகத் தடுப்புகளை வைத்து அதைச் செய்துபார்க்க முடியும். அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் வாசலில் எத்தனை கார், எத்தனை சைக்கிள் என்று எண்ணி வையுங்கள், அடுத்த கூட்டத்தில் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.